பெட்டியில் வைத்த கத்தி

ராயபுரத்தில் ரயில்வே ஃபிட்டராக இருந்த அருள்பிரகாசத்துக்குப் பழைய கத்தி, உளி, அரம் என்றால் உயிர். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் மடக்குக் கத்திகள், டோல்கேட் பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும் இழைப்புளிகள் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, துரு நீக்கி எண்ணெய் போட்டு வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வாசலில் ஒரு சாக்கை விரிப்பார். இதே கிறுக்குப் பிடித்த நாலைந்து பேர் தங்கள் சரக்கோடு வந்து உட்காருவார்கள். பிடித்ததை மாற்றிக்கொள்வார்கள், மனசு வந்தால் சும்மாவே கொடுத்துவிடுவதும் உண்டு.

அந்த ஞாயிறு தண்டையார்பேட்டை மஜீது வந்தார். தோல் மண்டியில் வேலை பார்ப்பவர். சிரித்துக்கொண்டே மடியிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்துச் சாக்கின்மேல் வைத்தார்.

"இத்தப் பாரு மாமு. டோல்கேட்டாண்ட பழைய இரும்புல கெடந்துச்சு. மான்கொம்புப் பிடி. உனுக்குன்னே எட்தாந்தேன்."

அருள்பிரகாசம் அதை எடுத்து விரித்தார். விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

பிடியில் இருந்த மூன்று ஆணிகளில் இரண்டு பித்தளை, நடுவில் இருந்தது செம்பு. அந்தச் செம்பாணியை அடித்தது அவர்தான். நுனி ஒடிந்தபோது தேய்த்துக் கூர் வைத்ததும் அவர்தான். அது அவருடைய சிநேகிதன் ஹென்றியின் கத்தி. துறைமுகத்தில் சங்கிலி அறுந்து ஹென்றி செத்து இரண்டு வருஷமாகிறது. கத்தியில்லாமல் இவன் எங்கேயும் போனதில்லையே என்று அழுதுகொண்டே, சவப்பெட்டிக்குள் அவன் சட்டைப்பையில் இதைச் செருகியதும் இதே கைதான்.

மண்ணுக்குள் இருக்க வேண்டியது வெயிலில் பளபளத்தது.

"இன்னா மாமு, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

கத்தியோடு எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். நடக்க நடக்கப் பயம் கோபமாக மாறியது. குழிவெட்டும் சிலுவைமுத்து மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அருள்பிரகாசம் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"செத்தவன் பாக்கெட்லகூட கைய வுடுவியா நீ?"

சிலுவைமுத்து கத்தியைப் பார்த்தார். கையிலிருந்த சோறு கீழே சிந்தியது.

"நான் தொடல மேஸ்திரி. கல்லறை மேல கல்லு போட்டுக்கீது, நீயே போய்ப் பாரு."

போய்ப் பார்த்தார். கல் அசையவில்லை. ஓரத்துச் சிமெண்டில் ஒரு கீறல்கூட இல்லை. பாசி படர்ந்து கிடந்தது. அப்படியென்றால் பெட்டியை ஆணியடித்து மூடுவதற்கு முன்பே கத்தி வெளியே வந்திருக்க வேண்டும். அன்று பெட்டி தூக்குகிறவர்களைக் கூப்பிட அவர் வெளியே போனபோது உள்ளே இருந்தது ஒரே ஆள். ஹென்றியின் மனைவி ஃப்ளோரா.

ஃப்ளோரா வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் எழுந்து, முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போனாள்.

"அத்த மூடு அண்ணே. மொதல்ல மூடு."

மடக்கினார். "பெட்டிலேர்ந்து நீயா எட்த?"

"நான்தான்."

"ஏம்மா?"

அவள் முந்தானையைக் கழுத்திலிருந்து கொஞ்சம் விலக்கினாள். காதுக்குக் கீழிருந்து தோள்வரை வெள்ளையாக ஒரு தழும்பு.

"குடிச்சிட்டு வந்தா இத்த விரிச்சி இங்க வெப்பாரு. கத்தாத, புள்ளைங்க முய்ச்சிக்கும்னுவாரு. போற எடத்துக்கும் இத்த எட்துனு போவக் கூடாதுன்னு உருவிட்டேன். அரிசிப் பானைக்கு அடியில வெச்சிருந்தேன். அது வூட்டுல கீதுன்னு நெனச்சா தூக்கம் வராது. போன மாசம் பேரீச்சம்பழக்காரன் வந்தான், பழைய இரும்போட போட்டுட்டேன்."

அருள்பிரகாசம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹென்றியா? யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் ஓடுகிறவன். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போகிறவன்.

"ஞாயித்துக்கெயம உன்னாண்ட வந்துட்டு வருவாருல்ல," என்றாள் ஃப்ளோரா. குற்றம் சொல்கிற குரலே இல்லை. "அன்னிக்கு அது ரொம்பக் கூரா இருக்கும்."

வாரம் தவறாமல் அந்தக் கத்தியை வாங்கிச் சாணைக்கல்லில் தேய்த்தவர் அவர். தன் முன்கை மயிரை வழித்துக் காட்டி, "பாருடா கூர" என்று சிரித்தவர் அவர்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"சொன்னா நம்பிருப்பியா?"

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்குப் போனார். மஜீதும் மற்றவர்களும் சாக்கைச் சுற்றிக் காத்திருந்தார்கள். யாரிடமும் பேசாமல் உள்ளே போய்க் கத்தியை வைஸ் இடுக்கியில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார். அலகு மூன்று துண்டானது. அருமையான சரக்காயிற்றே என்று மஜீது பதறியது காதில் விழுந்தும் அவர் திரும்பவில்லை.

சாயங்காலம் மறுபடி கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். சிலுவைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பா நெனச்சிட்டேன் என்றார்.

"வுடு மேஸ்திரி. ஃப்ளோரா எட்துச்சா?"

அருள்பிரகாசம் கையை விட்டுவிட்டார். "உனுக்கு எப்டித் தெரியும்?"

"ஹென்றி அத்த வெச்சி அவள மெரட்னது கொயாயடியில தண்ணி புடிக்கிற பொம்பளைங்க அல்லாருக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும்." சிலுவைமுத்து அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உனுக்குத் தெரியாதா? நீ அவன் தோஸ்து. தெரிஞ்சிகினேதான் சாணை புடிச்சிக் குடுக்கிறன்னு நெனச்சிகினு இருந்தோம்."

அருள்பிரகாசம் பக்கத்தில் இருந்த கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். குழாயடியில் இந்நேரம் பெண்கள் கூடியிருப்பார்கள்.