சுவருக்கு அப்பால் கைதட்டல்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளி. வாரத்தில் ஒரு காலை அங்கே போய்ப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. அன்று லைப்ரரியில் மார்னி சக்டன் என்ற ஒன்பது வயதுப் பெண் வாசித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஹாலில், மற்ற எல்லாரும் காலைக் கூட்டத்தில் இருந்தார்கள். திடீரென்று அங்கே கைதட்டல் எழுந்தது. மார்னி வாசிப்பை நிறுத்தினாள்.

"அது எனக்குத்தான்," என்றாள். "நீச்சல்ல பாஸ் பண்ணிட்டேன்."

விட்ட வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் ஆபீஸ் அம்மா சான்றிதழைக் கொண்டுவந்து, ஜோடி தொலைந்த கையுறைகளைப் போட்டு வைக்கும் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

[இந்த இடத்தில் மார்னியின் முகத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். எல்லாம் பொய். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.]

2

அவள் ஏன் லைப்ரரியில் இருந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கதை இங்கே கொஞ்சம் கட்டுரையாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் தினமும் கூட்டு வழிபாடு நடக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் கிறிஸ்தவ வழியில் என்பது சட்டம். பெற்றோருக்கு இஷ்டமில்லை என்றால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். பெருந்தன்மையான சட்டம்தான். ஆனால் ஜெபமும், பிறந்தநாள் வாழ்த்தும், சான்றிதழும், வகுப்பறையில் வளர்க்கும் ஆமை காணாமல் போன அறிவிப்பும் ஒரே கூட்டத்தில் நடக்கிறபோது, ஜெபத்திலிருந்து விலகும் பிள்ளை ஆமையிலிருந்தும் விலகிவிடுகிறது.

மார்னியின் அப்பா லீ சக்டன் பஸ் ஓட்டுகிறவர். முதல் வரைவில் அவருக்கு ஒரு பெரிய துக்கத்தைக் கொடுத்திருந்தேன்: மனைவி செத்துப்போய், கடவுள் மேல் கோபம், இத்தியாதி. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு மனிதனுக்கு நம்பிக்கை இல்லை என்று காட்ட ஒரு பிணம் எதற்கு? அவர் மனைவி நன்றாக இருக்கிறாள், தபால் நிலையத்தில் வேலை. லீக்கு நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான்.

"வீட்ல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணுன்னு பிள்ளைய வாயசைக்க வைக்க மாட்டேன்," என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். "பொய் சொல்லாதேன்னு நான்தானே வளக்கறேன்."

தலைமையாசிரியை அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

3

அந்தத் தலைமையாசிரியையை அறிமுகப்படுத்தப் பல தடவை முயன்றேன்.

ஹிலரி ஆஷ்வொர்த் ஒரு புரட்சிக்காரி. [இல்லை. மழைக்கோட்டு பட்டனைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வருகிறவரை அப்படிச் சொன்னால் அவரே சிரிப்பார்.]

சர்ச் மேல் கசப்புக் கொண்ட ஹிலரி [இதுவும் இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.]

சரி, நேராகவே சொல்கிறேன். ஹிலரி நிஜமாகவே ஜெபிக்கிறவர். அதனால்தான் வாயசைப்பு அவருக்கு உறுத்தியது. காலைக் கூட்டத்தில் வழிபாட்டை எடுத்துவிட்டு, எல்லாரும் வந்து உட்காரக்கூடிய ஒன்றை வைப்பது என்று முடிவு செய்தார். ஒரு கதை, ஒரு பாட்டு, அன்றைய நல்லது கெட்டது, கைதட்டல். நம்பிக்கை உள்ளவர் இல்லாதவருக்காகப் போராடுவது எனக்குப் புதிது. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஊர்ப் பாதிரியார் கீத் பர்ட்வெல் இருக்கிறார். கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தார் என்று நான் கையைத் தேய்த்துக்கொண்டேன். அவரோ ஒத்துழைக்கவில்லை.

"சட்டம் அப்படியே இருக்கு ஹிலரி," என்றார். "யாராவது வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேக்கறவங்கள ஒரு காலை அந்த லைப்ரரியில உக்காரச் சொல்லுவேன் கீத். கைதட்டு சத்தம் வர்ற வரைக்கும்."

பாதிரியார் பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். "ஞாயித்துக்கிழமை என்கிட்ட ஒரு கைப்பிடி மனுசங்கதான் வர்றாங்க. ஆனா தானா வர்றாங்க," என்றார். "பிடிச்சு உக்கார வச்ச கூட்டத்துக்கு முன்னாடி பேசறது எனக்கும் சங்கடந்தான்."

இருந்த வில்லனும் போயாயிற்று. மிச்சம் பியானோ வாசிக்கும் டாரின் ஹோல்ட் அம்மாள் மட்டுமே. சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு அவருக்கு மூச்சு மாதிரி. ஹிலரி இந்த மாற்றத்தை அவரிடம் சொல்லத் தயங்கித் தயங்கி, கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னார்.

"அட போடி," என்றார் டாரின். "இத்தன வருசம் கர்த்தருக்கு வாசிச்சேன். இனி பிள்ளைங்களுக்கு வாசிச்சா அவரு கோச்சுக்குவாரா? அப்படிக் கோச்சுக்கறவரா இருந்தா நான் வாசிச்சே இருக்க மாட்டேன்."

[எல்லாரும் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் கதை எப்படி நகரும் என்று என் கணவர் கேட்டார். நல்லவர்களுக்கும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.]

4

மார்னியை ஹாலுக்கு அனுப்ப லீ ஒரு நிபந்தனை போட்டார். "முதல்ல நான் மட்டும் வந்து பாக்கறேன். ஜெபம் ஒண்ணு எட்டிப் பாத்துச்சோ, எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம் அவள ஹாலுக்குக் கூப்பிடற பேச்சே வேணாம்."

லீ வந்த அன்று காலையில் நான் லைப்ரரியில் மார்னியோடு இருந்தேன். அந்தப் பக்கம் நடந்தது பிறகு ஹிலரி சொன்னது. கொஞ்சம் நானும் சேர்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டிருந்தார்கள். லீ கடைசி வரிசைக்குப் பின்னால், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில். ஹிலரி கதை சொன்னார். டாரின் மழையைப் பற்றிய ஒரு வேடிக்கைப் பாட்டை வாசித்தார். ஆமை கிடைத்துவிட்டது என்று அறிவிப்பு. எல்லாம் நன்றாகவே போயிற்று. ஹிலரிக்கு மனது லேசாயிற்று. லேசான மனதோடு, தன் உத்தியோக வாழ்க்கை முழுக்க எதைச் சொல்லிக் கூட்டத்தை முடித்தாரோ அதைச் சொல்லிவிட்டார்:

"கைகளைச் சேர்த்துக்குங்க, கண்ணை மூடுங்க."

அத்தனை பிள்ளைகளும் கைகளைச் சேர்த்தார்கள், கண்ணை மூடினார்கள். அடுத்து வர வேண்டிய ஜெபம் வரவில்லை. அதைத்தான் எடுத்தாயிற்றே.

லீ எழுந்தார். குட்டி நாற்காலி இடுப்போடு கூடவே எழுந்தது. டாரின் கையை மடியில் வைத்துக்கொண்டு ஹிலரியையே பார்த்தார். 'ஒரே வரியில் எல்லாத்தையும் கெடுத்துட்டேனே' என்று ஹிலரியின் மனம் அடித்துக்கொண்டது.

"தப்பு என் மேல பிள்ளைங்களா," என்றார். "பழக்க தோஷம். இன்னிக்கு ஜெபம் இல்ல." ஒரு தரம் லீயைப் பார்த்தார். "கண்ணை மூடினது மூடினபடி இருக்கட்டும். கும்பிடணும்னு இருக்கறவங்க மனசுக்குள்ள கும்பிடுங்க. இல்லாதவங்க உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தர நெனைங்க. ரெண்டும் வேணாம்னா சும்மா இருங்க. சும்மா இருக்கவும் இங்க இடம் இருக்கு."

ஹால் அமைதியாயிற்று. நாற்காலியை இடுப்பிலிருந்து கழற்றிக்கொண்டிருந்த லீ, அதை மெதுவாகக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்தார்.

சுவருக்கு இந்தப் பக்கம் மார்னி தலையை நிமிர்த்தினாள். ஜெபத்தின் முணுமுணுப்பு, பாட்டு, கைதட்டல் எல்லாம் அவளுக்குத் தெரிந்த சத்தங்கள். இந்த அமைதிதான் தெரியாது.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்றாள்.

"தெரியலையே கண்ணு."

அவள் புத்தகத்தை மூடிவிட்டுப் போய் ஹால் பக்கக் கதவைத் திறந்தாள். கதவு கிறீச்சிட்டது. பிள்ளைகள் கண்ணைத் திறந்தார்கள். சேர்த்த கைகள் இன்னும் சேர்ந்தபடியே இருந்தன. ஹிலரியிடம் ஒரு சான்றிதழ் மிச்சம் இருந்தது, இரண்டாம் நிலை நீச்சலுக்கு.

"மார்னி சக்டன்," என்று வாசித்தார்.

5

முடிவுகள் பல எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மார்னி அப்பாவைப் பார்க்கிறாள், அவர் தலையசைக்கிறார், அவள் ஓடுகிறாள். [சினிமா. கிழித்துவிட்டேன்.] இன்னொன்றில் யாரோ மேலிடத்தில் புகார் சொல்லி, மறுவாரமே பழைய ஜெபம் திரும்புகிறது. நடக்கக்கூடியதுதான், சட்டம் இன்னும் அங்கேயே இருக்கிறது. மற்றொன்றில் அவள் "வேணாம் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்புகிறாள். அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பின்னால்தானே நின்றேன். ஆனாலும் சொல்லப்போவதில்லை. அவளை வாசற்படியிலேயே நிறுத்தியிருக்கிறேன், ஒரு கால் லைப்ரரிக் கம்பளத்தில், ஒரு கால் ஹாலின் மரத்தரையில்.

எத்தனை எழுதினாலும் காகிதத்தில் கைதட்டல் கேட்காது. கும்பிடவும் தட்டவும் மனிதருக்கு இருப்பது அதே இரண்டு கைகள்தான். அவை இப்போது என்னிடம் இல்லை, பேனா பிடித்திருக்கின்றன. உங்களிடம் இருக்கின்றன.

இதைக் கீழே வையுங்கள். கைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணை மட்டும் மூடாதீர்கள், அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.