தொட்டிக்குத் தீனி

கட்டிலில் கிடந்த தம்பியின் சட்டைக்கு மூன்றாவது பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார் பெரியவர். கை விறைத்துப்போய் வழிக்கு வரவில்லை. தம்பியின் கையா, தன் கையா என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, சலவைக்கூடத்தில் தொட்டியைக் கவனிக்கிற அம்மாள் மாடியேறி வந்து அறை வாசலில் நின்றாள்.

"ஐயா, மெயினை யாரு அணைச்சது?"

"நான்தான்."

விடிகிற நேரம் தம்பிக்கு மூச்சு நின்றது. பெரியவர் அழவில்லை. கீழே கூடத்துக்கு இறங்கிப் போய், சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் பெரிய கைப்பிடியை இழுத்து அணைத்துவிட்டு வந்தார். அப்பா செத்தபோதும் அதைத்தான் செய்தார். மேலே பிணம் கிடக்கையில் கீழே மிஷின் ஓடக்கூடாது. அவருக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

"தொட்டிக்குப் போற காத்தும் சேந்து நின்னு போச்சுங்க. ஆறு மணி நேரம் ஆச்சு" என்றாள்.

பின்புறத் தொட்டி தம்பியின் கிறுக்கு. துணி துவைத்த தண்ணீரின் அழுக்கைத் தின்கிற கிருமிகளை அதில் வளர்த்தான். அவை தின்று தெளிந்த தண்ணீர் மறுபடி மிஷினுக்கே வரும். கண்ணுக்குத் தெரியாததற்குச் சோறு போடுகிறவனை எந்த அண்ணன் நம்புவான்? வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறாய் என்றார். ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவன் பையில் அடுத்தவன் ஜேபியை அறுக்கக் கத்தரி இருக்கும் என்பது அவர் கட்சி. ஆனால் வாரத்துக்கு நாலு லாரி தண்ணீர் வாங்கியது ஒன்றாகக் குறைந்தது. அழுக்கைத் தெருவில் விடாத கடைக்குத்தான் துணி தருவோம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் தேடி வந்தார்கள். அப்போதும் தம்பியிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னவரில்லை. சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

காற்று இல்லாமல் தொட்டிக் கிருமிகள் செத்தால் திரும்ப வளர்க்க நாற்பது நாள். ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது. கூடத்தில் ஒன்பது பெண்கள் வேலை செய்கிறார்கள்.

மிச்சப் பித்தான்களைப் போட்டு முடித்துவிட்டு எழுந்தார்.

கைப்பிடியை மேலே தள்ளியதும் பின்புறம் காற்று மோட்டார் உறுமியது. தொட்டித் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அம்மாள் ஒரு குவளை மொண்டு முகர்ந்து பார்த்தாள்.

சத்தம் கேட்டுத் தங்கை இறங்கி வந்தாள். "ஏண்ணே, ஒரு நாள் நிறுத்தி வச்சா குடியா முழுகிரும்?"

"முழுகிரும்."

அம்மாள் இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"கொஞ்சம் செத்திருக்கு. கொஞ்சம் இருக்கு" என்றாள். "காத்து மட்டும் பத்தாதுங்க. மூணு நாளா அழுக்குத் தண்ணியே வரலை. தீனி வேணும்."

கூடத்தில் ஒரு அழுக்குத் துணி கிடையாது. மூன்று நாளுக்கு முன் தம்பிக்கு ரொம்ப முடியாமல் போனதும் வந்த துணியை எல்லாம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெரியவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு மாடிக்குப் போனார். அறையில் துக்கத்துக்கு வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். யாரையும் பார்க்காமல், கட்டிலுக்குப் பின்னால் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டார். பத்து நாள் விரிப்புகள். மருந்து, பால், வியர்வை.

மிஷின் முன்னால் கூடையைக் கவிழ்த்தபோது தங்கை குனிந்து ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டாள்.

"இதை மட்டும் விட்டுருண்ணே. அவன் வாசம் இருக்கு."

பெரியவர் ஒவ்வொரு விரிப்பாக உள்ளே திணித்தார். கடைசி விரிப்பும் போன பிறகு, கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கை உறையை ஒரு முறை முகத்தோடு வைத்து அழுத்தினாள். பிறகு அவளே அதை உள்ளே போட்டாள்.

மிஷின் சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில், பிணத்தை ஏற்றிப் போக வந்த வண்டிக்காரர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"எடுக்கலாங்களா?"

பெரியவர் மிஷினில் ஓடிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தார்.

"பதினோரு நிமிஷம் இருக்கு."

வண்டிக்காரர் வெளியே போய் எஞ்சினை அணைத்தார். வட்டக் கண்ணாடிக்குள் விரிப்புகள் ஏறி ஏறி விழுந்தன. துணி மடிக்கிற பெஞ்சில் தங்கை உட்கார்ந்தாள். அவள் நகர்ந்து இடம் விட்டதும் பெரியவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாய் வழியாகச் சாம்பல் நிறத் தண்ணீர் பின்புறத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.