கஞ்சி போகாத துணி

செம்பு மறுபடியும் செத்துப்போயிருந்தது. ஆய்வகத் திரையில் மெத்தனாலின் அளவைக் காட்டும் கோடு காலையில் எழும்பி, மத்தியானத்துக்குள் சரிந்து, இப்போது தரையோடு கிடந்தது.

என் வழிகாட்டி ஹெப்சிபா மேடம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல் தடவை மட்டும் எப்படி வாரக்கணக்கா நின்னுச்சு, வெங்கடேஸ்வரி?"

"தெரியல மேடம்."

"தெரியாம தீசிஸ்ல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. ஒரே ஒரு தடவை வந்தத ரிசல்ட்டுன்னு சொல்ல முடியுமா?"

அவர் சொன்னது சரி. அதனால்தான் கோபப்படக்கூட வழியில்லை. டென்மார்க்கில் ஓர் ஆய்வகம் ஜூன் மாதம்வரை எனக்கு இடம் வைத்திருந்தது. இந்தக் கோடு சரியாமல் நின்றால், தீசிஸை முடித்துவிட்டு நான் போகலாம்.

கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடான செம்புத் துகள்கள்மேல் செலுத்தினால் மெத்தனால் கிடைக்கும். ஆனால் சூட்டில் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். பெருத்தால் வேலை செய்யாது. அவை நகராமலிருக்க, பேண்டேஜ் துணியைச் செம்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, துணியைக் கரியாக்கியிருந்தேன். துணி அப்பாவின் தறியில் நெய்தது. முதல் துணி மட்டும் துகள்களைப் பிடித்து வைத்தது. அதற்குப் பிறகு வந்த எதுவும் பிடிக்கவில்லை.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் கல்லூரிப் பேருந்தில் வழக்கமான சீட்டில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் பாண்டி அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, இன்னும் பாஸாகலையா? உங்ககூட ஏறுன பிள்ளைய எல்லாம் கைப்பிள்ளையோட வாராளுவ."

சிரித்துவைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் ஜன்னலில் வந்தது, போனது. தினமும் அதே பக்கத்தில், அதே வேகத்தில்.

தறிக்கூடத்தில் அப்பா நீளவாக்கில் கட்டிய பாவு நூலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் துணி வேணும்ப்பா."

"ஏட்டி, இன்னுமா? கரியாக்குறதுக்கு எம்புட்டுத் துணிதான் நெய்யுறது?" அலமாரியிலிருந்து வெள்ளை மடிப்பு ஒன்றை எடுத்து, தூசி தட்டி நீட்டினார்.

"முதல்ல குடுத்ததும் இதுதானே?"

"சேச்சே. அது தறியிலருந்து அப்படியே கிழிச்சுக் குடுத்தது. பாவுக்குப் போட்ட கஞ்சிகூடப் போகல. பொறவுதான் மனசு கேக்கல. அம்மாம்பெரிய எடத்துக்குப் போறத அழுக்காவா குடுக்கது? சலவைக்குப் போட்டு, வெளுத்துல்லா குடுக்கேன்."

முதல் துணி பழுப்பாக இருந்தது நினைவுக்கு வந்தது. கரியானால் எல்லாம் கறுப்புதானே என்று விட்டிருக்கிறேன். தறிக்காரன் மகளுக்குத் துணியைப் பற்றிக் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

தறியில் ஓடிக்கொண்டிருந்த துணியைத் தொட்டேன். விறைப்பாக இருந்தது. நூல் அறாமலிருக்கப் போட்ட கஞ்சி. அதுவும் கரியாகி, ஒவ்வொரு செம்புத் துகளையும் சுற்றி நின்று நகரவிடாமல் பிடித்திருக்கும்.

"இதக் கிழிச்சுக் குடுங்கப்பா."

"இதையா?" அவர் முகம் வாடிவிட்டது.

அந்தத் துணியைக் கரியாக்கி ஓட்டியபோது கோடு சரியாமல் நின்றது. மறுநாளும் நின்றது. அடுத்த வாரமும். கஞ்சித் துணியில் மூன்றாவது முறை செய்தபோதும் அது அசையவில்லை. மேடம் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. நுண்ணோக்கிப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். கறுப்புக்குள் புள்ளி புள்ளியாகச் செம்பு, ஒவ்வொன்றும் வைத்த இடத்திலேயே.

"எவ்வளவு அழகா இருக்கு பாரு, ஒண்ணுகூட நகரல." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இனிதான் வேலையே. எந்தக் கஞ்சி, எவ்வளவு கெட்டி, எல்லாத்தையும் மாத்தி மாத்தி ஓட்டணும், ஒரு வருஷமாவது ஆகும். பேட்டன்ட் போடாம தீசிஸ் வெளிய போகக் கூடாது."

"ஜூன்ல டென்மார்க் போகணும் மேடம்..."

"இத விட்டுட்டா?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் கண்டுபிடித்தது நான். எனக்குப் பதிலாகச் செய்ய வேறு யாருமில்லை. "இருக்கேன் மேடம்" என்று தலையாட்டினேன்.

பேருந்தில் ஏறியதும் பாண்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, பாஸா?"

"பாஸுண்ணே."

"அப்ப நாளைக்கு வர மாட்டீக."

வழக்கமான சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"வாரேண்ணே."