நான்கு மணிக்கு லைன் இல்லை

மச்சினன் எங்கள் வீட்டு இணையப் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவனைப் போல உதட்டைப் பிதுக்கினான்.

"இதுக்கு வேகம் இல்லைன்னு யாரு சொன்னது மாமா? வேகமெல்லாம் இருக்கு. கட்டிப் போட்டிருக்கானுங்க."

கட்டவிழ்க்க வந்த புண்ணியவான் தான்தான் என்பதைக் கேட்காமலே புரியவைக்கும் தொனி. அவனுக்குக் குடும்பத்தில் ஸ்பீடு என்று பெயர். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தருவது தவிர எல்லாவற்றிலும் வேகம். என் மனைவிக்கு ஒரே தம்பி. அவளும் அவள் தங்கையும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். மூன்று பிள்ளைகளில் அவனுக்கு மட்டும்தான் காது கேட்டது. அந்த வரத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன சாதித்தான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சின்ன வயதில் ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டான். அக்காமார் இருவரும் உதட்டசைவைப் படிப்பவர்கள் என்பதால், பொய் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். நாற்பத்தைந்து வயதாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. தனக்கு அப்படியொரு பழக்கம் இருப்பதே அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் மனைவியின் தங்கை இதே நகரத்தின் மறு கோடியில் இருந்தாள். இரண்டு பேருந்து மாறவேண்டும். என் மனைவிக்கு இதய அறுவை நடந்த பிறகு படியிறங்குவதே பெரும்பாடாகிவிட்டதால், தினமும் மாலை நான்கு மணிக்கு இருவரும் திரையில் பேசிக்கொள்வார்கள். பேசுவார்கள் என்றுதான் சொல்லவேண்டும். கைகளால் சிரிப்பார்கள், புறம் சொல்வார்கள், ஒருத்தி கையை மற்றவள் கை இடைமறிக்கும். இருவருக்கும் நாம் வைத்த பெயர்கள் வேறு; அவர்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள் வேறு. தங்கை என்றால் கன்னத்து மச்சத்தில் ஒரு விரல். அக்கா என்றால் இடது புருவத்து வெட்டுத் தழும்பில் இரண்டு விரல். அந்தத் தழும்பு ஊஞ்சலில் இருந்து தங்கை தள்ளிவிட்டதில் வந்தது. தான் செய்த காயத்தையே அக்காவுக்குப் பெயராக வைத்தவள் அவள்.

எங்கள் இணையத் திட்டம் சின்னது. மாதம் இருபதாம் தேதிக்குள் அளவு தீர்ந்துவிடும். பிறகு லைன் இருக்கும், வேகம் இருக்காது. கம்பெனி இழுத்துப் பிடித்துவிடும். மற்றவர்களுக்குப் படம் கலங்கினால் குரலாவது கேட்கும். இவர்களுக்குக் குரலே அந்தப் படம்தான். விரல்கள் ஒன்றோடொன்று கரைந்து மாவாகிவிடும். என் மனைவி மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்ப்பாள். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்வாள். மாதத்தில் பத்து நாள் அவளுக்கு உண்மையிலேயே காது செவிடானது. பெரிய திட்டத்துக்கு மாறியிருக்கலாம். மாறியிருக்க எங்களால் முடியும் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஆனால் வீட்டிலேயே ஒரு ஸ்பீடு இருக்கும்போது வெளியே எதற்குப் போகவேண்டும் என்ற அற்பபுத்தி என்னுடையது.

அந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி நான்தான் அவனைக் கூப்பிட்டேன்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் இருக்கு மாமா. கம்பெனிக்கு ஆளைத் தெரியாது, நம்பரைத்தான் தெரியும். பெரிய பிளான் வச்சிருக்கவன் நம்பரை நம்ம பெட்டி சொல்லிச்சுன்னா, வாங்க சாமின்னு கதவைத் தொறந்து விட்டுடுவான்."

"இது திருட்டு இல்லையா?"

"முப்பது நாளுக்குக் காசு வாங்கிக்கிட்டு இருவது நாளுக்கு வேகம் குடுக்கறானே, அது என்ன தர்மமா? கடல்ல ஒரு கரண்டி மோந்தா கடல் வத்திடுமா?"

"கம்பெனி கிடக்கட்டும். அந்த நம்பர்க்காரனுக்கு ஒண்ணும் ஆகாதா?"

அப்போது என் மனைவியும் அதையே கேட்டாள். எங்கள் உதடுகளைப் படித்துவிட்டு, 'அந்த எண் யாருடையது?' என்று கையை விரித்தாள். மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என்னிடம் சொன்னான்.

"யாரோ வெளிநாட்டுக்குப் போயிட்டான் மாமா. வீடு பூட்டிக் கிடக்கு. பிளான் மட்டும் சும்மா ஓடுது."

அவன் முகத்தைத் திருப்பியதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் இந்தக் கதையில் என் பங்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். பூட்டிய வீட்டு நெய் என்றால் இன்னும் விசேஷம்.

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். அவன் ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. "குடு, நான் படிக்கிறேன், நீ அடி. ஒரு எழுத்து தப்பினாலும் போச்சு," என்று சீட்டைப் பிடுங்கினேன். மூலப்படியைப் படிக்கும் குரலில், இரண்டிரண்டாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். முதல் பாதி எங்கள் பெட்டியின் எண்ணைப் போலவே இருந்தது. ஒரே தயாரிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்றான். மறுபாதி: பூஜ்யம் சி. ஈ ஒன்பது. மூன்று பி. அவன் அடித்து முடித்ததும் திரையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினேன். பிழை இல்லை.

"நாள் முழுக்கப் போட்டு வைக்காதீங்க. கம்பெனிக்காரன் கண்ணுல படும். தேவைன்னாப் போடுங்க, முடிஞ்சதும் அணைச்சிடுங்க. ஒண்ணாம் தேதி வந்து பழையபடி மாத்திக் குடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டு, என் குடையையும் எடுத்துக்கொண்டு போனான்.

மாலை நான்கு மணிக்குப் பெட்டியைப் போட்டோம். சோதனைக்காக ஒரு படம் ஓடவிட்டேன்; கதாநாயகியின் கண்ணிமை மயிரை எண்ணலாம். என் மனைவி கைதட்டினாள். பிறகு தங்கையை அழைத்தாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. மறுமுனை கிடைக்கவில்லை. மறுபடி, மறுபடி. உலகத்துப் படமெல்லாம் கண்ணாடிபோல் ஓடியது. தங்கை ஒருத்திதான் வரவில்லை. ஐந்து மணிக்குப் பெட்டியை அணைத்தோம். அணைத்துக் கொஞ்ச நேரத்தில் மனைவியின் பழைய செல்போனில் குறுஞ்செய்தி வந்தது: நான்கு மணிக்கு லைன் இல்லை.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. நான்கு மணிக்கு லைன் இல்லை.

அதற்கு முன் இருவருக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது. அறுவைக்குப் பிறகு ஒரு வாரம் வந்து கூடவே இருக்கிறேன் என்று தங்கை மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் வரவில்லை. வீட்டுக்காரருக்கு விடுப்பு இல்லை, எனக்குச் சளி, இந்த வாரம் வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். இப்போது இது. காது கேளாதவர்களுக்குள் சண்டை வந்தால் கடைசி ஆயுதம் கண்ணை மூடிக்கொள்வது. மூடிவிட்டால் எதிராளி என்ன கத்தினாலும் கேட்காது. தங்கை தன்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டதாகவே என் மனைவி அந்தக் கறுத்த திரையை எடுத்துக்கொண்டாள்.

'தினமும் சரியாக நான்கு மணிக்கா போகும்?' என்று என்னிடம் கேட்டாள்.

ஒரு நல்ல கணவன், ஒரு அறிவுள்ள மனிதன், அந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசித்திருப்பான். நான் சிரித்தேன். 'கடிகாரம் பார்த்துப் பழுதாகும் லைனை நான் கேள்விப்பட்டதில்லை' என்று கையாலேயே நக்கலடித்தேன். அவளைச் சிரிக்க வைக்கத்தான். அவள் சிரிக்கவில்லை.

எழுதுவதில் அவளுக்குத் தயக்கம் உண்டு. செய்தி எதுவானாலும் அனுப்பும் முன் என்னிடம் நீட்டுவாள். நான் ஒற்றும் சந்தியும் பார்த்துக் கொடுப்பேன். எட்டாம் நாள் தங்கைக்கு ஒரு செய்தி எழுதி நீட்டினாள். ஒரே சொல். பொய். பிழை இல்லை என்று தலையாட்டினேன். அனுப்பினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து செய்தி வரவில்லை.

ஒன்றாம் தேதி மச்சினன் வரவில்லை. இரண்டாம் தேதி மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்த என் மனைவி, மூன்றரை மணிக்கு எவ்வளவு எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்குப் பெட்டியைப் போட ஆள் இல்லை.

தங்கை வந்தாள். அக்காவின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, தூக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அதைப் பாசம் என்று பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் இருவருக்குள்ளும் கையைப் பிடித்துக்கொள்வது என்றால் வாயைப் பொத்துவது.

மூன்று வாரம் கழித்து, என் மனைவியின் கண்ணாடியையும் இரண்டு கம்பளிச் சட்டைகளையும் கொடுப்பதற்காகத் தங்கை வீட்டுக்குப் போனேன். மச்சினன் அங்கே நாற்காலியில் சம்மணமிட்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். சகலை ஒரு கிடங்கில் கணக்கர். பந்தாட்டம் பார்ப்பதற்காகவே வீட்டில் பெரிய திட்டம் போட்டிருப்பவர். துக்கம் விசாரித்த வாயோடு லைன் கதையையும் எடுத்தார். சாவு வீட்டுப் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காதவர்கள் உண்டு.

"உங்களுக்குத் தெரியாதே சகலை, போன மாசம் ஒரே கூத்து. சாயங்காலம் நாலு மணி ஆனா லைன் செத்துடும், அஞ்சுக்கு உசிர் வந்துடும். நான் வர்றப்ப நல்லாத்தான் இருக்கும். இவ சொன்னப்ப நானே நம்பலை. 'ஏண்டி, உன் லைனு மட்டும் டீ குடிக்கப் போகுதா?'ன்னு கேட்டேன். அப்புறம் கம்பெனி ஆளு வந்து பழைய பதிவெல்லாம் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? எவனோ ஒரு களவாணி நம்ம பெட்டி நம்பரைப் போட்டு ஓட்டியிருக்கான். ரெண்டு பெட்டி ஒரே நம்பர் சொன்னா, கடைசியா வந்தவனுக்குத்தான் வழியாம். முதல்ல இருந்தவன் வெளியே. ரெண்டாம் தேதியிலேருந்து சரியாயிடுச்சு. எவன் கையில புண்ணு வந்துச்சோ."

இரண்டாம் தேதி என்று அவர் வாயால் சொன்னதை அவரே கவனிக்கவில்லை.

"எந்த நம்பர்?" என்று கேட்டேன்.

"அடியில ஒட்டியிருக்கே, அதான்."

எழுந்து போனேன். பெட்டி அலமாரியின் இரண்டாம் தட்டில், ஒரு பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒயரோடு எடுத்துக் குப்புறத் திருப்பினேன். கண்ணாடி போடவேண்டிய தேவையே இருக்கவில்லை. பூஜ்யம் சி. ஈ ஒன்பது. மூன்று பி.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. மச்சினன் என் தோளுக்கு அருகே வந்து, ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். சகலை அடுக்களையில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"வைங்க மாமா அதை," என்றான் மெதுவாக. "கையில இருந்த பெரிய பிளான் நம்பர் இது ஒண்ணுதான். நானே மாட்டிக் குடுத்த பெட்டி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொறப்பாங்கன்னு நான் கண்டேனா?"

ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறவர்கள் ஒரே நேரத்தில் திறப்பார்கள் என்பதை அவன் கண்டானில்லையாம். அவனைத் திட்ட எனக்குச் சொல் கிடைக்காமல் இல்லை. முப்பத்தொரு வருடம் சொற்களோடு இருந்தவன். நல்ல நல்ல சொற்களாக வரிசைகட்டி வந்தன. ஆனால் அந்தச் சீட்டைப் படித்த குரல் என்னுடையது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றேன்.

"சொல்லிடாதீங்க. உங்க சகலை கம்பெனி வரைக்கும் போவாரு, என் கடைக்கு ஆள் வரும். அக்காவே போயிட்டா. இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகப்போவுது?"

யாருக்கு என்ன ஆகும் என்பது, நான் திரும்பியபோது, எங்களுக்குப் பின்னால் வாசலில் நின்றுகொண்டிருந்தது. தங்கை எப்போது வந்தாளோ தெரியாது. ஜன்னலைப் பார்த்து நிற்கும் தம்பியின் முதுகை ஒரு முறை பார்த்தாள். அந்த முதுகை அவளுக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். பிறகு என்னிடம் திரும்பினாள். சட்டைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விரலை இடது புருவத்தில் வைத்தாள். அக்கா. ஆள்காட்டி விரலை உதட்டுக்குக் கீழே குறுக்காக இழுத்தாள். பொய். தன் நெஞ்சைத் தொட்டு, அதே விரலை இல்லை இல்லை என்று ஆட்டினாள். 'நான் பொய் சொல்லவில்லை.' பிறகு புருவத்தை உயர்த்திக் கேட்டாள்: 'போவதற்கு முன் அக்கா என்னை நம்பினாளா?'

"என்ன கேக்கறா?" என்றான் மச்சினன், திரும்பாமல்.

அவளுக்குப் பதில் சொல்ல இரண்டு கையும் வேண்டும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டிலும் பெட்டி இருந்தது, குப்புற, வெதுவெதுப்பாக. அதன் பச்சை விளக்கு, ஒரு தடையும் இல்லாமல், என் விரல்களுக்கிடையே மின்னிக்கொண்டிருந்தது.