மருந்து கலந்த தண்ணீர்

மறைமாவட்ட ஆயர் கையெழுத்துப் போட்ட குட்டிப் புத்தகம் ஒன்றை எங்கள் பிரசவ வார்டு நர்ஸ்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள். சாகக் கிடக்கும் குழந்தைக்கு, சாமியார் வர நேரமில்லாதபோது, நாங்களே ஞானஸ்நானம் கொடுப்பது எப்படி என்று விளக்கும் புத்தகம். நாலாம் பக்கத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழாய்த் தண்ணீர் போதுமாம். வெந்நீர் போதுமாம். கிருமிநாசினி கொஞ்சம் கலந்த தண்ணீர்கூடச் செல்லுமாம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், கையெழுத்துப் போட்ட இதே மனுஷன், கடல் தாண்டி வந்து இறங்கிய இளம் வேதபோதகர். புத்தகப் படிப்பு மட்டும் மண்டை கொள்ளாமல் இருந்தது. என் தங்கைக்குத் தலைப்பிரசவம் பார்த்தது நான்தான். பெண் குழந்தை, நீலம் பாரித்துப் பிறந்தது. இவருக்கு ஆள் அனுப்பிவிட்டு, கத்தரிக்கோல் கழுவ மருந்து கலந்து வைத்திருந்த பாத்திரத்திலிருந்தே தண்ணீரை அள்ளி, அதன் தலையில் ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அது போய்விட்டது.

ஆடி அசைந்து வந்தவர் பாத்திரத்தை மோந்து பார்த்தார். மருந்து கலந்தது தண்ணீரே இல்லை, ஞானஸ்நானம் செல்லாது என்றார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று குழந்தையைக் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். நல்ல தண்ணி எடுக்கக்கூட உனக்குத் துப்பில்லையா என்று தங்கை கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவே இல்லை. இருப்பது ஒரே தெரு. என்னைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே ஆயர் இல்லத்துக்குப் போனேன். முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்க வேண்டும் என்று செயலாளர் சாமியார் இழுத்தார். வாங்கித்தான் இருபத்தாறு வருஷம் ஆச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

நாலாம் பக்கத்தை விரித்து மேஜைமேல் வைத்தேன். ஆயருக்கு எல்லாம் நினைவிருந்தது. தான் செய்தது தப்பு என்று இரண்டே வருஷத்தில் ஒரு வயதான சாமியார் எடுத்துச் சொல்லிவிட்டாராம். அதற்குள் மாற்றல், அப்புறம் பதவி உயர்வு.

“அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே, சாமி?”

“வெக்கமா இருந்துச்சும்மா.”

“வெக்கம் உங்களுக்கு. வெளிய கிடக்கிறது எங்க பிள்ளை.”

ஒரு பூசை வைக்கிறேன், கடிதம் எழுதித் தருகிறேன் என்றார். பூசையும் வேண்டாம், கடிதமும் வேண்டாம், இப்போதே என்கூட வாங்க என்றேன். எழுந்து வந்தார்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே, தப்பு தன்னுடையது, அக்கா செய்தது சரி, அந்த ஞானஸ்நானம் செல்லும் என்று ஆயர் சொன்னார். அவள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள்.

என்னை நம்பாமல் போனாயே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“ஞானஸ்நானம் குடுத்திருந்தா பேரு வச்சிருப்பியே. என்ன பேருக்கா வச்சே?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். அவள் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, என் தோளில் சாய்ந்து கதறிவிட்டாள்.

ஆயர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.