ஒரு கைநுனி அளவு நூல்

கொதிக்கும் சாயப் பானையிலிருந்து நூல்கண்டை இடுக்கியால் தூக்கி நேரே குழாய்த் தண்ணீரில் பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சூட்டோடு சூடாகக் குளிர்நீரில் போட்டு அலசினால் கம்பளி இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு யார் வந்தாலும் பிரிக்க முடியாது. "பானையிலயே ஆறட்டும்டி, உனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று ஆயிரம் தடவை சொன்ன கணவர், நேற்று மாலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவரை எடுத்துப்போக இன்று நாலு மணிக்கு வண்டி வரும்.

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ராட்டை வாங்கியவர் அவர். அவர் நூற்றுச் சாயம் போடுவார், அவள் பின்னுவாள். ஊருக்கெல்லாம் பின்னிக் கொடுத்தாயிற்று. "எனக்கு எப்பத்தான்டி?" என்று அவர் கேட்டுக் கேட்டு, இந்த வருடம்தான் அவருக்கென்று ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தாள். அதில் வலது கையின் நுனி மட்டும் பாக்கி. அதற்கான நூலை நூற்று வைத்திருந்தார், சாயம் போடவில்லை. இந்த ஸ்வெட்டரைப் போட்டுவிடாமல் அவரை அனுப்பக்கூடாது என்று காலையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது கையில் நூலுக்குப் பதில் கயிறு மாதிரி ஒன்று கிடந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "கடையில வாங்கிட்டு வரவாம்மா?"

"கடை நூலா? உங்கப்பா எழுந்து உக்காந்து திட்டுவாரு."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடம் அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

கண்ணைத் துடைக்கத் தூக்கிய தன் ஸ்வெட்டர் கையைப் பார்த்தாள். அவர் முதன்முதலாக நூற்ற நூலில் பின்னியது. பீட்ரூட் சாயம், ரோஜா நிறம் என்று பெருமையடித்தார். இரண்டே துவையலில் வெளிறிவிட்டது. டீ கொட்டின மாதிரி இருக்கிறது என்று குத்திக்காட்டியபடியே ஆறு வருடமாக அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"கத்தரிக்கோலை எடு."

"கலர் சேராதேம்மா."

"எங்க ரெண்டு பேருக்கும் என்னைக்கு எது சேந்துச்சு?"

தன் ஸ்வெட்டரின் கைநுனி முடிச்சை வெட்டி இழுத்ததும் நூல் வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. பழகும்போது நூற்றது, அங்கங்கே தடித்திருந்தது. பேச்சு சுவாரசியத்தில் அவர் கை நின்றிருக்கும். தடித்த இடம் வரும்போதெல்லாம் அவள் ஊசியும் கொஞ்சம் நின்றது.

மூன்றரைக்கு மருமகன் அவருக்குப் போட்டுவிட்டான். வெங்காயத் தோல் சாயத்தின் பொன்னிறம், வலது நுனியில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு டீ நிறம். அவள் மடிப்பைச் சரிசெய்தாள்.

வாசலில் குளிர்காற்று. மகள் சால்வையை நீட்டினாள். "கை விறைக்குது பாரும்மா, போத்திக்கோ."

"இருக்கட்டும்" என்றாள். நுனியில்லாத கையால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.