சிவப்பு நூல்

"இழுங்க... இன்னும் இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க!"

மூடிய கதவுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் ஆதிலட்சுமி கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனை அறை வாசல். அவளுடைய அப்பா கோவிந்தசாமிக்கு ஆறு மாதமாக இருமல். மில்லில் இருபத்தேழு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு சும்மா விடுமா? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அப்பாவும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரையோ ஊதச் சொல்லி விரட்டுகிறவள் யார் என்று கதவு திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சரிதா. எவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று ஆறு வருஷமாகத் அவள் வீடு இருக்கிற தேங்காய்த்திட்டுப் பக்கமே வண்டியைத் திருப்பாமல் இருந்தாளோ, அதே சரிதா. எழுந்து ஓடியிருப்பாள். அப்பாவை உட்கார வைத்துவிட்டு எங்கே ஓடுவது?

இரண்டு பேரும் பல்கலைக்கழக இசைப் பள்ளியில் நாலு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து புல்லாங்குழல் படித்தவர்கள். இவள் சாரம் பகுதியிலிருந்து வருவாள், அவள் தேங்காய்த்திட்டிலிருந்து. சரிதாவின் அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அந்த மனுஷனுடைய தொண்டைதான் மகளுக்கு மூச்சாக வந்திருக்கிறது என்று வகுப்பே கிண்டல் செய்யும். குழலில் கீழ்ப் பஞ்சமம் லேசில் பேசாது. விரல்கள் எல்லாம் மூடி, மூச்சை அளந்து விட வேண்டும். சரிதா அதைப் பிடித்தால் நாலு ஆவர்த்தனம் அசையாமல் நிற்கும். ஆதியும் நன்றாகத்தான் வாசிப்பாள். ஆனால் சரிதா வாசிக்கும்போது ஆதியே தன் குழலை மடியில் வைத்துவிட்டு வாய் பார்ப்பாள். அதற்கு மேல் என்ன சொல்ல?

கடைசி வருஷம் ஏப்ரலில் சரிதாவுக்கு நெஞ்சில் சளி கட்டி நிமோனியா ஆகிவிட்டது. இதே ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் படுக்கை. பார்க்கப் போன ஆதியிடம் குழலை எடுத்துக் கொடுத்தாள். "எங்க வூட்ல ஒரே உப்புக் காத்துடி. நா வர்றவரைக்கும் நீயே வச்சுக்க. தெனம் கொஞ்சம் ஊதி வையி."

மூங்கிலுக்கு வெயில் ஆகாது, வண்டி சீட்டுக்கு அடியில் குழலை வைக்கவே வைக்காதீர்கள் என்று குழல் சொல்லிக்கொடுத்த கலியபெருமாள் சார் முதல் வாரமே சொல்லியிருந்தார். எத்தனை தடவை கேட்டிருப்பாள்! கேட்டு என்ன? தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு கிளம்பியவள் வழியில் நேரு வீதியில் ஒரு ஜாக்கெட் துணி பார்க்க நின்றாள். மே மாத மத்தியானம். துணி பார்த்தாள், வளையல் பார்த்தாள், ஜூஸ் குடித்தாள். இரண்டரை மணி நேரம் கழித்து ஸ்கூட்டி சீட்டைத் தூக்கினால் குழல் சுட்டது. அடிப்பக்கம் மயிரிழையாக ஒரு கீறல், விரல் நீளத்துக்கு.

அப்போதே நேரே போய், "சரிதா, தப்புப் பண்ணிட்டேன்டி" என்று சொல்லியிருந்தால் என்ன? நாலு திட்டு விழுந்திருக்கும். வேறு குழலுக்கு ஏற்பாடு செய்திருப்பார்கள். பாழாய்ப் போனவள், வாயைத் திறக்கவில்லை. கீறலில் மெழுகை உருக்கி விட்டு, அதற்கு மேல் சிவப்புப் பட்டு நூலை வரிசையாக, அழகாகச் சுற்றிவிட்டாள். ஊதிப் பார்த்தாள், சத்தம் வந்தது. ஆதியின் மூச்சுக்கு அது போதுமாக இருந்தது.

நூலைப் பார்த்ததும் சரிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பரிட்சைக்குன்னு சுத்துனியாடி எனக்கு?" என்று கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ஆதி "ஆமா" என்று சொல்லிவிட்டாள்.

தேர்வு மேடையில் ஆளுக்குப் பத்தே நிமிஷம். சூட்டில் மெழுகு எப்போது விட்டதோ தெரியாது. சரிதா கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கியபோது வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று. மூன்றாவது தடவை குழலை மடியில் வைத்துவிட்டாள். "காய்ச்சல்ல கெடந்த ஒடம்பும்மா, மூச்சு பத்தல. மெதுவா தேறிக்கலாம்" என்றார் கலியபெருமாள் சார் ஆறுதலாக. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஆதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகலையில் குழலுக்கு அந்த வருஷம் ஒரே இடம். அது ஆதிக்கு வந்தது. இனிமேல் சொன்னால் வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள் என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. சரிதா அதோடு குழலைத் தொடவில்லை.

கதவு திறந்தது.

"கோவிந்தசாமி!" என்று கூப்பிட்டவள், ஆதியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டாள். "ஏய் ஆதி! எங்கடி போயி தொலஞ்ச? அப்பா, வாங்கப்பா, உக்காருங்க."

அப்பாவின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்தாள். அவர் ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். மூன்று தடவை ஊத வைத்தாள். முடிந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "ஏம்மா, நீயும் எங்க ஆதியாட்டம் நல்லா ஊதுவியே. ஏன் உட்டுட்ட?"

"எனக்கு மூச்சு பத்தலப்பா. இப்ப மத்தவங்கள ஊத வைக்கிறேன்" என்று சிரித்தாள்.

அப்பா தண்ணீர் குடிக்க வெளியே போனார். ஆதி போகவில்லை. "நீ இந்த மெஷின்ல ஊதிப் பாத்தியா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"வேலக்கி சேந்த மொத நாளே ஊதுனேன். இருக்க வேண்டியதுல நூத்துப் பதினாலு பர்சன்ட் காட்டுச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு." காகிதத்தைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். "அப்பறம்தான் புரிஞ்சுது. மூச்சு இல்ல, எனக்குத் தைரியம்தான் பத்தல. மேடைன்னா பயந்துட்டேன் போல."

ஆறு வருஷமாக அவள் தன்னைப் பற்றி இப்படியா நினைத்துக்கொண்டிருந்தாள்! ஆதியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டி, ஜாக்கெட் துணி, கீறல், மெழுகு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அழுகை வந்தது, அழக்கூட வெட்கமாக இருந்தது.

சரிதா கிழித்த காகிதத்தை மேஜையில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அன்னிக்கி எனக்கு மூச்சு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"பயமும் இல்லியா?"

"இல்லடி."

"அந்தக் கொழல நா தூக்கிப் போடல, தெரியுமா? ஊதறதுக்கு இல்ல. நீ நூலு சுத்திக் குடுத்தன்னு வச்சிருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் ஆதி பிழைத்திருப்பாள். ரிப்போர்ட்டை உறையில் போட்டு நீட்டினாள். "அப்பாவ மூணு மாசம் கழிச்சுக் கூட்டியா. அவருக்கு நாந்தான் பாப்பேன். நீ உள்ள வராத."

அடுத்த ஆள் உள்ளே போனார், கதவு மூடியது. ஆதி வாசலிலேயே நின்றாள். "இழுங்க... இன்னும் இழுங்க..." என்று குரல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. ஊதச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்தான், "ஊதலாமாம்மா?" என்று கேட்டார்.

அப்பா தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "நல்ல பொண்ணும்மா. என்னியே மூணு வாட்டி ஊத வச்சிட்டா பாரேன்."

"ஆமாப்பா" என்றாள் ஆதிலட்சுமி.